சித்தாளாகவே ஓய்வு பெற்ற அக்கா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் பேப்பரில் வீடு கட்டும் செலவு ஏறியது பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், செங்கல் என்று ஒவ்வொன்றாக விலை போட்டு, கடைசியில் சித்தாள் கூலியும் கட்டுப்படியாகவில்லை என்று ஒரு வரி. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் எஸ்டிமேட் போடும்போது அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அதே வாரத்தில்தான் எங்கள் கட்டட வேலைச் செட்டில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சித்தாளாக வேலை பார்த்த அக்கா இறந்துபோனார். பெரிய ஆட்கள் போனால் நீங்கள் படம் போட்டு எழுதுகிறீர்கள். இவரைப் பற்றி வேறு யார் எழுதப்போகிறார்கள் என்று நானே உட்கார்ந்துவிட்டேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். வெட்டுவதென்றால் என்னைப் பற்றிய இடங்களை வெட்டிக்கொள்ளுங்கள்.

பெயரைப் போட வேண்டாம் என்று அவர் மகள் சொல்லிவிட்டது. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். சைட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம், அவரைவிட வயதில் மூத்த எங்கள் மேஸ்திரி உட்பட.

நான் தஞ்சாவூரில் கொத்தனார். 1986இல் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சாந்துச் சட்டி தூக்க வந்தேன். அப்போது அக்கா வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. வெண்ணாற்றுக் கரைப் பக்கம் ஒரு கிராமம். நடவு, களை, அறுப்பு என்று வயலிலேயே வளர்ந்தவர். ஜூன் 12 வந்தும் மேட்டூர் திறக்காத வருஷங்களில் எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் முதல் பஸ் பிடித்து டவுனுக்கு வந்து நிற்பார்கள். கையில் ஒரு தூக்குச் சட்டி, இடுப்பில் சும்மாட்டுக்கு ஒரு பழைய துணி. மேஸ்திரிகள் வந்து ஆள் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு நாள் பொறுக்கப்பட்டவர், தண்ணீர் வந்த பிறகும் வயலுக்குத் திரும்பவில்லை. நடவு வேலை வருஷத்தில் சில வாரம்தான், கட்டட வேலை மழை நாள் தவிர எப்போதும் இருக்கும். கணவர் விவசாயக் கூலி. அவருக்கு நெஞ்சு நோய் வந்து படுத்த பிறகு குடும்பமே இவர் தலையில்தான் ஓடியது. இதை அழகுக்காகச் சொல்லவில்லை, கல்லும் மண்ணும் தலையில்தான் போனது.

எனக்கு முதல் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. சட்டியை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன், வேகமாகப் போனால் மேஸ்திரி மெச்சுவார் என்று. அக்கா என்னை நிறுத்தி, என் துண்டைப் பிடுங்கி, முறுக்கிச் சுற்றிச் சும்மாடு செய்து நடு மண்டைக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தார். "ஓடாத தம்பி. ஒரே நடையா நட. சாயங்காலம் வரைக்கும் நடக்கணும்ல" என்றார். கட்டடத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. மேஸ்திரியிடம் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் நாலு வருஷம் கழித்துத்தான்.

சித்தாள் என்றால் கல் தூக்குகிறவர், கலவை தூக்குகிறவர் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரு செங்கல் ஏறக்குறைய மூன்று கிலோ. தலைப் பலகையில் பத்துக் கல் அடுக்கினால் முப்பது கிலோ. அதோடு சவுக்குக் கம்பில் கட்டிய சாரத்தில், சாய்த்து வைத்த பலகை மேல் வெறுங்காலோடு ஏற வேண்டும். அது உடம்பு வேலை, பார்த்தால் தெரியும். பார்த்தால் தெரியாத வேலைதான் அதிகம். காலையில் கொத்தனார் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கல்லை நனைத்திருக்க வேண்டும். நனையாத கல் சாந்தில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும், கட்டு நிற்காது. ரொம்ப ஊறிய கல்லும் ஆகாது, வழுக்கும். மணல் சலிக்க வேண்டும். சுவருக்கு ஒரு கலவை, பூச்சுக்கு ஒரு கலவை, சீலிங்குக்கு இன்னொரு கலவை. தண்ணீர் ஒரு செம்பு கூடினாலும் பூச்சு வழியும். கொத்தனார் ஒரு நாளைக்கு எவ்வளவு கட்டுகிறார் என்பது அவர் கையில் பாதிதான் இருக்கிறது. மீதி, கேட்பதற்கு முன்னால் கல்லும் சாந்தும் கைக்கு வருகிறதா என்பதைப் பொறுத்தது. அக்கா எனக்குச் சித்தாளாக நின்ற நாட்களில் நான் வாய் திறந்து "சாந்து" என்று கேட்டதாக நினைவே இல்லை.

மணல் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. அப்போதெல்லாம் ஆற்று மணல்தான். லாரி வந்து கொட்டியதும் ஒரு கை அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பார். கையில் சேறு ஒட்டினால் முகம் மாறிவிடும். ஒரு முறை மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு வாத்தியார் வீடு. வந்த மணலில் வண்டல் அதிகம். லாரிக்காரன் வாத்தியாரிடம் கொள்ளிடத்து மணல், முதல் தரம் என்று அளந்துகொண்டிருந்தான். அக்கா ஒன்றும் பேசவில்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கல் நனைக்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மணலுக்கு மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சேறு தனியாக நின்றது. வாத்தியார் லாரியைத் திருப்பி அனுப்பினார். இந்தச் சோதனையை இப்போது என்ஜினீயர் தம்பிகள் அளவு ஜாடி வைத்துச் செய்கிறார்கள், எட்டு சதவீதம் பத்து சதவீதம் என்று கணக்குச் சொல்கிறார்கள். நல்லதுதான். அக்காவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "வயக்காட்டு மண்ண பாத்த கைக்கு ஆத்து மணல் தெரியாதா" என்பார்.

காங்கிரீட் போட்ட தளத்துக்குத் தண்ணீர் கட்டுவதும் அப்படித்தான். தளம் போட்ட மறுநாள் மேலே சாந்தால் சின்னச் சின்ன வரப்பு போட்டு, பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தண்ணீர் நிறுத்த வேண்டும். பாதிப் பேர் ஓரத்தில் மட்டும் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போவார்கள், சாய்வு இருக்கிற பக்கம் தண்ணீர் ஒதுங்கி மறு பக்கம் காயும். அக்கா போட்ட பாத்தியில் ஒரு மூலைகூடக் காயாது. குறைந்தது ஏழு நாள், வெயில் காலத்தில் அதற்கும் மேலே. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றாலும் ஒரு நடை வந்து தண்ணீர் பார்த்துவிட்டுப் போவார். அந்த நடைக்குக் கூலி கிடையாது. வீட்டுக்காரர்கள் பலருக்கு அவர் வந்து போனதே தெரிந்திருக்காது. அவர் பாத்தி கட்டிய தளங்களில் இன்றைக்கு ஒழுகுகிற வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. இப்போது பம்பு வைத்து ஒரே நாளில் கலவையை மூன்றாவது மாடிக்கு ஏற்றுகிறோம், மறு வாரம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அப்புறம் ஒழுகுகிறது என்று கெமிக்கல் வாங்கிப் பூசுகிறார்கள்.

சுருக்கி போடுவதைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. இளவட்டங்களுக்குத் தெரிந்திருக்காது, மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் இருக்கச் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்புவோம். அதைப் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்ட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். அதற்கு மேலேதான் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிப்பது. வெயிலில் அந்த வேலை நரகம். அக்கா பாட்டெடுப்பார், மற்றவர்கள் கட்டையால் தாளம். நடவுப் பாட்டுதான், மெட்டு கொஞ்சம் வேகமாக. பாட்டில் இடையிடையே மேஸ்திரியையும் வீட்டுக்காரரையும் இழுத்து வைத்துக் கேலி செய்வார். எதிர் வீட்டு மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். எப்போது நிறுத்தலாம் என்பதும் அவர் முடிவுதான். ஜல்லி மேல் போட்ட கட்டை பதியாமல் துள்ளி வர வேண்டும். "கட்ட துள்ளிடுச்சு, எந்திரிங்கடி" என்று அவர் சொன்னால்தான் எழுந்திருப்பார்கள். மேஸ்திரி சொன்னாலும் நடக்காது.

1995 ஜனவரியில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தின மாதங்களில் ஊரே சாந்தும் சுண்ணாம்புமாக இருந்தது. ராத்திரி விளக்குப் போட்டு வேலை. ஒரு ஆளுக்கு ஒன்றரை நாள் கூலி, சில நாள் இரண்டு. எங்கள் செட்டும் இரண்டு மூன்று இடத்தில் செய்தது. அந்தக் கூலியில்தான் அக்கா கூரை வீட்டை ஓட்டு வீடாக மாற்றினார். மாநாட்டு ஊர்வலம் பார்க்கப் போகலாம் என்று நாங்கள் கூப்பிட்டபோது, தூங்கப் போகிறேன் என்று பஸ் ஏறிவிட்டார்.

இனி வேறு விஷயம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் அவர் வாழ்க்கையில் பாதி விட்டுப்போகும்.

நாங்கள் கட்டிய வீடுகளில் கழிப்பறைக்கு டைல்ஸ் ஒட்டுவது, கோப்பை பதிப்பது எல்லாம் கடைசி வேலை. அதுவரைக்கும் அந்த இடத்தில் வேலை செய்கிற பெண்கள் எங்கே போவார்கள்? ஆண்கள் சுவர் மறைவில் போய்விடுவோம். அக்காவும் மற்ற பெண்களும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். அதனால் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில் நாங்கள் செம்பு செம்பாகக் குடிக்கும்போது அக்கா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குப் போவார். நாற்பது வயதுக்குள் சிறுநீரகக் கல். அதற்கு மருந்து, மாத்திரை, நாட்டு வைத்தியம், வாழைத்தண்டு. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அதைச் சைட்டில் வந்து சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் தனியாகச் செட் எடுத்த பிறகு, அஸ்திவாரம் தோண்டும்போதே ஒரு குழி போட்டு நாலு தகரம் அடைத்துக் கொடுத்தால்தான் வேலை தொடங்குவேன் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லத் தொடங்கினேன். அதிகச் செலவில்லை. இருந்தும் "எதுக்குப்பா, பக்கத்துலதான் காலி மனை இருக்கே" என்று சொன்னவர்கள் உண்டு. படித்தவர்கள்தான்.

பிள்ளை வளர்த்ததும் சைட்டில்தான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வேப்ப மரக் கிளையில் தூளி. தூளியை ஆட்டுவதும் என் வேலைகளில் ஒன்றாக இருந்தது, மேஸ்திரி பார்க்காதபோது. பெண் தொழிலாளர்கள் ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் குழந்தைகளுக்கு ஒரு அறை ஒதுக்க வேண்டும் என்று 1996இல் வந்த மத்திய அரசின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சங்கத்துத் தோழர் ஒருவர் இதைக் கூட்டத்தில் படித்துக் காட்டியபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வீடு கட்டுகிற இடத்தில் ஐந்து பெண்கள் இருந்தால் அதிகம். ஐம்பது பெண்கள் எந்த ஊரில் ஒரே சைட்டில் நிற்கிறார்கள்?

சட்டத்தைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சட்டம் சும்மா வந்ததும் இல்லை. தமிழ்நாட்டுச் சங்கங்கள் எண்பதுகளிலேயே கேட்க ஆரம்பித்து, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் குழு அமைத்து டெல்லி வரைக்கும் கொண்டுபோன கோரிக்கை அது. அதற்கு முன்பே நம் மாநிலத்தில் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துவிட்டது. கட்டடத்துக்கு அனுமதி வாங்கும்போது செலவில் ஒரு சதவீதம் கட்டுகிறீர்களே, அந்தப் பணம் இந்த வாரியத்துக்குத்தான் போகிறது. எங்களுக்கு அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டை வாங்கிய கதையிலும் அக்காதான் வருகிறார். இன்னார் கட்டட வேலை செய்கிறார் என்று யாராவது சான்று தர வேண்டும். எங்களுக்கு அப்போது வேலை கொடுத்துக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் ஆண்களுக்குக் கையெழுத்துப் போட்டார். பெண்களுக்கு மாட்டேன் என்றுவிட்டார். சித்தாள் இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும், அதுக்கெல்லாம் நான் எப்படிச் சான்று தருவது என்றார். அக்கா அவரிடம் சண்டை போடவில்லை. அடுத்த வாரம் சங்க அலுவலகத்துக்கு நேராகப் போய், கூடவே செட்டிலிருந்த மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு போய், சங்கம் மூலமாகப் பதிவு செய்துவிட்டார். மகள் பத்தாவது பாஸ் செய்தபோது வாரியத்தில் கொடுத்த உதவிப் பணத்தில் சைட்டில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் இப்போது கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறது.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு இப்போதுதான் வருகிறேன். அக்காவுக்குக் கொத்து வேலை தெரியும். நன்றாகத் தெரியும். ரசமட்டம் பார்ப்பார், தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார், ட்யூபில் தண்ணீர் விட்டு மட்டம் பிடிக்கத் தெரியும். நான் கட்டிய சுவர் அரை நூல் வெளியே போயிருந்தால் கீழே நின்றே சொல்வார். எங்கள் தொழிலில் திங்கட்கிழமை என்றால் சில கொத்தனார்கள் வர மாட்டார்கள், காரணம் ஊருக்கே தெரியும். அப்படி ஒரு திங்கட்கிழமை, குளியலறைப் பூச்சுக்குக் கலவை போட்டாகிவிட்டது, பூச வேண்டியவர் வரவில்லை. நான் வெளிச் சுவரில் சாரத்தில் நின்றேன். மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போயிருந்தார். சிமென்ட் கலந்து அரை மணி நேரம் போனால் இறுக ஆரம்பித்துவிடும், அவ்வளவு கலவையும் வீண். அக்கா கரண்டியை எடுத்தார். இரண்டு ஓரத்திலும் பொட்டு வைத்துக் கனம் பிடித்து, சாந்தை வீசி, பலகை இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு சுவரை முடித்துவிட்டார். சாயங்காலம் மேஸ்திரி வந்து பலகையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். அடியில் வெளிச்சம் தெரியவில்லை. யார் பூசியது என்று கேட்டார். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று, "வீட்டுக்காரர்ட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு உள்பூச்சு வேலை இருக்கிற நாட்களில், ஆள் குறைந்தால் அக்கா பூசுவார். சனிக்கிழமை சம்பளம் மட்டும் சித்தாள் சம்பளம். ஒரு முறை நானே மேஸ்திரியிடம் கேட்டேன். "அந்த அம்மாவுக்குக் கொத்தனார் சம்பளம் குடுத்தா மத்த பொம்பளைங்களும் கரண்டிய தூக்கிடுவாங்கடா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆளுக்கு ஒரு கஷ்டம் என்றால் கையிலிருப்பதைக் கொடுப்பவர். தொழிலே அப்படி ஓடுகிறது. பதினாலு வயதில் மூக்கு ஒழுகிக்கொண்டு வந்த நான் நாலு வருஷத்தில் கரண்டி பிடித்தேன், பத்து வருஷத்தில் கொத்தனார், இப்போது என்னை மேஸ்திரி என்கிறார்கள். எனக்கு முன்னால் வந்த அக்கா அறுபது வயது வரைக்கும் சித்தாள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் தொழிலில் அந்தச் சட்டத்தை யாரும் மீறவே வேண்டியதில்லை. பெண்ணுக்கு அந்த வேலையையே கொடுக்காவிட்டால் போதும்.

தெரிந்த வீட்டுக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, பெண்களுக்குச் சாரத்தில் நின்று பூச முடியுமா, பயமாக இருக்காதா என்று கேட்டார். அதே சாரத்தில்தான் சார் முப்பது கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள் என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

புதுமனை புகுவிழா அன்றைக்கு மேஸ்திரிக்கும் கொத்தனார், ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்துத் தட்டில் கொடுப்பார்கள். சித்தாளுக்குக் கொடுக்கிறவர்கள் குறைவு. சில இடங்களில் ஜாக்கெட் துணி. அக்கா அதற்கெல்லாம் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆனால் விழாவுக்கு வந்தால் கட்டாயம் ஒரு சுற்று சுற்றுவார். எந்த அறையில் என்ன செய்திருக்கிறார்கள், டைல்ஸ் எப்படி ஒட்டியிருக்கிறார்கள், ஜன்னல் ஓரத்தில் பூச்சு வெடித்திருக்கிறதா, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். ஒரு வீட்டில் சமையலறை மேடை உயரமாக இருக்கிறது, அந்தம்மா குள்ளம், தோள் வலிக்கப்போகிறது என்று என்னிடம் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே. அடுத்த வீட்டிலிருந்து வீட்டம்மாவை நிற்கவைத்து அளவு பார்த்துத்தான் மேடை போடுகிறேன்.

நூறு நாள் வேலை வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் டவுனுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். கலவை மெஷின் வந்தது, லிஃப்ட் வந்தது, இப்போது ரெடிமிக்ஸ் லாரி வருகிறது. வடக்கேயிருந்து பையன்கள் வந்தார்கள், அவர்களும் பாவம், தகரக் கொட்டகையில் கிடந்து உழைக்கிறார்கள். அக்கா மட்டும் எங்கள் செட்டை விடவில்லை. ஒரு பீகார் பையனுக்குச் சும்மாடு சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பாஷை தெரியாது, கையாலேயே சொன்னார்.

அறுபது முடிந்ததும் வாரியத்தில் ஓய்வூதியத்துக்கு எழுதினோம். பல மாதம் இழுத்தது. புதுப்பித்த ரசீது ஒன்று இல்லை என்றார்கள், தேடிக் கொடுத்தோம். ஒரு வழியாக வந்தது. கடைசியில் மாதம் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய அவ்வளவு. பணம் வந்த முதல் மாதம் வங்கிக்கு மகளோடு போய், நோட்டை எண்ணிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகாமல் பணம் வாங்குவது இதுதான் முதல் தடவை என்றாராம். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் கலவை போட வந்தார், மூட்டு விடாததால் மாடி ஏற மாட்டார், கீழ் வேலை மட்டும்.

ரேஷன் கடையில்தான் பெரிய தொல்லை. விரல் வைத்தால் மெஷின் எடுக்காது. சிமென்ட் காரமும் செங்கல்லும் விரலைத் தேய்த்துவிடும், எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். வரிசையில் நின்று பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார். கடைக்காரத் தம்பி நல்ல பையன், தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்க, துடைத்துப் பாருங்க என்று அவனும் முயற்சி செய்வான். ஒரு நாள் அக்கா அவனிடம், "ரேகையெல்லாம் ஊர்ல இருக்குற செவுத்துல ஒட்டிப்போச்சு தம்பி, மெஷின அங்க கொண்டுபோய் வச்சுப் பாரு" என்றார். கடையே சிரித்தது. கண் வைத்துப் பார்க்கிற கருவி வந்த பிறகு கொஞ்சம் சரியானது.

சிறுநீரகம்தான் கடைசியில் கைவிட்டது. டயாலிசிஸ் வரைக்கும் போய், அதிக நாள் இல்லை. சாவுக்குப் பழைய செட்டு ஆட்கள் எல்லோரும் வந்தோம். பழைய மேஸ்திரி எண்பதைத் தாண்டியவர், ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலில் ஒரு படி உடைந்திருந்தது, வருகிறவர்கள் இடறினார்கள். பக்கத்து வீட்டில் அரைச் சட்டி சிமென்ட் இருந்தது. நானும் இன்னொருவரும் உட்கார்ந்து அதைப் பூசிவிட்டுத்தான் எடுத்தோம். அக்கா இருந்திருந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லியிருப்பார், கூடித்தான் போயிருந்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆள் கிடைக்கவில்லை என்று அடுத்த முறை எழுதும்போது, கொத்து வேலை தெரிந்த பெண்கள் எத்தனை பேர் சித்தாள் சம்பளத்தில் நிற்கிறார்கள் என்று உங்கள் நிருபரை ஒரு காலையில் ஆட்கள் நிற்கிற இடத்துக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். அரசு தருகிற பயிற்சியில் பெண்களுக்குக் கரண்டி கொடுத்து, கொத்தனார் என்று சான்றிதழும் கொடுத்தால், எங்களைப் போன்ற மேஸ்திரிகள் சாக்குச் சொல்ல முடியாது. என் செட்டில் இப்போது இரண்டு பெண்கள் பூசுகிறார்கள். சம்பளம் கொத்தனார் சம்பளம். வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஒருவர் வேண்டாம் என்று போய்விட்டார், போகட்டும்.

கடிதத்தைப் போடுவதானால் ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். மற்ற நாட்களில் எங்கள் ஆட்களுக்குப் பேப்பர் பார்க்க நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைதான் டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
தஞ்சாவூர்.